உறுதி எங்கள் கையில், நீதிமன்றத்தின் கேள்வி வேறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் உள்ள குடும்பங்களில் காணிப் பிணக்கு ஒன்றையாவது சந்திக்காத குடும்பம் குறைவு. 1990 இல் போரினால் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்தவர்கள், திரும்பிப் போய்ப் பார்த்தபோது வரம்பு மாறியிருந்தது, வேலி நகர்ந்திருந்தது, சில இடங்களில் வயல் செய்யும் ஆளே மாறியிருந்தார். என் அம்மாவுக்குப் பெற்றோர் வழி வந்த முதுச வயலும் அப்படித்தான் வழக்கில் விழுந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றாகக் கிளைத்த அந்த வழக்குகளுக்காகப் பல ஆண்டுகள் அம்மாவுடன் மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு நடந்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவள் அல்ல. எங்கள் சட்டத்தரணி பொறுமையாக விளக்கியதையும், நீதிமன்றத்தின் பின்வரிசையில் இருந்து கேட்டதையும் வைத்தே எழுதுகிறேன்.

நம் ஆட்களில் பெரும்பாலோர் வழக்குக்குப் போகும்போது மனதில் வைத்திருப்பது ஒரே கேள்வி: இந்தக் காணி யாருடையது? நீதிமன்றம் எல்லா வழக்கிலும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வழக்கின் வகை எதுவோ அதற்கென்று சட்டம் ஒரு கேள்வியை வகுத்து வைத்திருக்கிறது. நம்மிடம் உள்ள சான்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறதா என்று மட்டுமே நீதிபதி பார்ப்பார். எங்கள் வயல் ஒன்றேதான். ஆனால் அதைப் பற்றி மூன்று வெவ்வேறு கேள்விகள் கேட்கப்பட்டன.

வயலின் கதை இதுதான். அம்மாவின் தகப்பனார் உறுதி (காணியின் உரிமைப் பத்திரம்) முடித்து வாங்கிய காணி. அவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தார். மாமா, பெரியம்மா, அம்மா மூவரும் பிரிபடாத பங்காளிகள். இடம்பெயர்வின் பின் மாமா மட்டும் ஊரில் நின்று முழு வயலையும் செய்தார். அறுவடை முடிந்ததும் மண்முனைத் துறையில் படகேற்றி எங்களுக்குச் சில மூட்டை நெல் அனுப்புவார். அப்போது அங்கே பாலம் இல்லை. அது 2014 இல்தான் திறக்கப்பட்டது. சண்டை ஓய்ந்த பின் தெற்குப் பக்கத்துத் துண்டை அம்மாவுக்கென்று காட்டிவிட்டார். அம்மா அதைக் குத்தகைக்குக் கொடுத்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அண்ணன் தங்கைக்குள் எழுத்து எதற்கு என்பதுதான் அன்றைய மனநிலை.

மாமா இறந்த பின், பெரும்போக விதைப்புக்கு முன் ஒரு காலையில், அவருடைய மகனின் உழவு இயந்திரம் எங்கள் துண்டுக்குள் இறங்கியது. அவர் எனக்கு மச்சான் முறை. மறிக்கப் போன குத்தகைக்காரரைத் தள்ளி வெளியே விட்டார்கள். அன்றே பொலிஸில் முறைப்பாடு பதிவானது. கைகலப்பு வரலாம் என்று கண்ட பொலிஸார், 1979 இன் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுத்தார்கள்.

அம்மா தகப்பனாரின் உறுதியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போனார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும். இந்த வழக்கில் நீதவான் கேட்கப்போவது வேறு. தகவல் தாக்கல் செய்த நாளில் வயல் யார் கையில் இருந்தது? அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா? அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?” என்றார்.

அம்மாவுக்கு அது ஏற்கவில்லை. சொந்தம் யாருடையது என்று பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வார்கள் என்று வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் 66 ஆவது பிரிவு உரித்தைத் தீர்க்க வந்ததல்ல, அடிதடியைத் தடுக்க வந்தது. உரித்தை மாவட்ட நீதிமன்றம் பார்க்கட்டும், அதுவரை கத்தியும் பொல்லும் எடுக்காமல் வயல் யார் கையில் இருந்ததோ அவரிடமே இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். 1982 இல் வெளியான ராமலிங்கம் எதிர் தங்கராஜா தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. தாக்கல் நாளில் ஆட்சியில் இருந்தவர் உரித்தே இல்லாதவராக இருந்தாலும், உரிய நீதிமன்றம் வெளியேற்றும் வரை அவருடைய ஆட்சிக்குப் பாதுகாப்பு உண்டு. இரு பக்கத்து ஆட்சிச் சான்றும் சமமாக நிற்கும்போதுதான் உறுதிக்கு அங்கே வேலை வரும்.

ஆகவே தேடியது வேறு கடதாசிகளை. குத்தகைக்காரரின் பெயரில் இருந்த உரத் துண்டுச்சீட்டுகள், கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு, முந்திய போகத்தில் எந்தத் துண்டுக்கு யார் தண்ணீர் பாய்ச்சினார் என்று வயல்களின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையார் கொடுத்த கடிதம், முறைப்பாட்டின் பிரதி. இந்த வகை விசாரணை பெரும்பாலும் சத்தியக் கடதாசிகளிலும் இணைக்கும் ஆவணங்களிலுமே முடிந்துவிடும். கூண்டில் ஏறி விளக்கமாகச் சொல்லலாம் என்று ஒன்றை மனதில் வைத்திருந்தால், அதைச் சொல்லும் சந்தர்ப்பம் கிடைக்காமலே போகலாம். சத்தியக் கடதாசியில் திகதி, துண்டின் நான்கு எல்லை, உழுதவர் பெயர், தள்ளி வெளியேற்றிய விதம் எல்லாம் வர வேண்டும். “பரம்பரையாக எங்களுடையது” என்ற வரி அதில் எத்தனை முறை வந்தாலும் பயனில்லை.

இரண்டு மாதக் கணக்கைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதில்தான் நம் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். அந்தக் காலம் பொலிஸ் முறைப்பாட்டு நாளோடு நின்றுவிடுவதில்லை. நீதிமன்றத்தில் தகவல் தாக்கலான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. பொலிஸ் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு, பார்ப்போம், பேசித் தீருங்கள் என்று இழுத்தால், நாட்கள் நமக்கு எதிராக ஓடுகின்றன. பொலிஸ் தாக்கல் செய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவர் தாமே சட்டத்தரணி மூலம் அதே 66 ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். இது பலருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு பெரியவர், நல்ல உறுதி வைத்திருந்தவர், வளவுக்குள் வேறொருவர் கொட்டில் போட்டபோது கோயில் நிர்வாகியான வண்ணக்கரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்து மாதக்கணக்கில் சமாதானம் பேசினார். மரியாதையான மனிதர், அப்படித்தான் நடப்பார். நீதிமன்றம் போனபோது இரண்டு மாதம் கடந்திருந்தது. தாக்கல் நாளில் வளவு மற்றவரின் ஆட்சியில் இருந்தது. கட்டளை மற்றவருக்கே போனது. உரித்தை நிறுவ அவர் மாவட்ட நீதிமன்றத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அவருக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. சமாதானம் பேசுங்கள், நல்லது. பேசிக்கொண்டிருக்கும்போதே தாக்கலையும் செய்துவிடுங்கள். விசாரணைக்கு முன் இரு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும்படி அந்தச் சட்டமே நீதிமன்றத்தைப் பணிக்கிறது, ஆகவே பேச்சுக்கான கதவு அங்கேயும் திறந்துதான் இருக்கும்.

எங்கள் வழக்கில் தாக்கல் உரிய நேரத்தில் நடந்தது. துண்டு அம்மாவின் குத்தகைக்காரரிடம் திரும்பியது. அத்தோடு முடிந்தது என்று நினைத்து அம்மா மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்தார். அது முடிவல்ல என்று சட்டத்தரணி அன்றே எச்சரித்திருந்தார். ஆரம்ப நீதிமன்றக் கட்டளை குடியியல் வழக்கில் யாருடைய உரித்தையும் பாதிக்காது.

மச்சான் மாவட்ட நீதிமன்றம் போனார். தகப்பனும் தானுமாக 1990 இலிருந்து முழு வயலையும் ஆண்டு வருவதால் நீண்டகால ஆட்சியால் உரித்துத் தமக்கே என்றும், வழக்கு முடியும் வரை எங்கள் ஆள் வயலில் இறங்கக் கூடாது என்றும் கேட்டார். எங்களைக் கேளாமலே குறுகிய காலத் தடுப்புக் கட்டளை ஒன்று பிறந்தது. அது பதினான்கு நாட்களைத் தாண்டக் கூடாது. அதற்குள் எதிர்த் தரப்புக்கு அறிவித்தல் போக வேண்டும். அறிவித்தல் வந்த அன்று அம்மா அழுதார். வழக்கே தோற்றுவிட்டது என்று நினைத்தார்.

இடைக்காலத் தடைக்கு நீதிமன்றம் கேட்கும் கேள்விகள் தனி. கேட்பவருக்கு மேலோட்டமான பார்வையிலாவது விசாரிக்கத் தகுந்த வழக்கு இருக்கிறதா? தடை கொடுத்தால் ஒருவருக்கு ஏற்படும் இடர், கொடுக்காவிட்டால் மற்றவருக்கு ஏற்படும் இடர், இவற்றில் எது கனமானது? பிறகு பணத்தால் ஈடு செய்ய முடியாத இழப்பா? கேட்பவரின் நடத்தை நேர்மையானதா? பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க எதிர் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் என்ற 1981 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த வரிசை விளக்கப்பட்டிருக்கிறது. சினிமாக் கூட்டுத்தாபனத்துக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு என்று நானும் கேட்டேன். விடயம் எதுவானாலும் அளவுகோல் ஒன்றே என்றார் சட்டத்தரணி.

எங்களைக் காப்பாற்றியது கடைசிக் கேள்வி. மச்சான் தம் மனுவில் ஆரம்ப நீதிமன்றக் கட்டளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறு தரப்பு இல்லாத நேரத்தில் நீதிமன்றத்திடம் உதவி கேட்பவர் தமக்குப் பாதகமானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முக்கிய விடயத்தை மறைத்தால் மற்றவை எப்படியிருந்தாலும் நிவாரணம் மறுக்கப்படலாம் என்பது அல்போன்சோ அப்புஹாமி எதிர் ஹெட்டியாராச்சி வழக்கு முதல் ஊன்றிய விதி. தடை நீடிக்கப்படவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது நாளை தடை கேட்டுப் போக நேர்ந்தால், உங்களுக்கு எதிரான கடதாசியை நீங்களே முதலில் மேசையில் வையுங்கள்.

மூன்றாவது கேள்விதான் நீண்டது. 1871 இன் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆவது பிரிவு பத்து ஆண்டுகள் என்கிறது. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி அவ்வளவே. பத்து வருடம் இருந்தால் காணி சொந்தம் என்று தேநீர்க் கடையிலும் தீர்ப்புச் சொல்வார்கள். பிரிவு அங்கே நிற்கவில்லை. அந்தப் பத்து ஆண்டும் இடையூறின்றி, தொடர்ச்சியாக, மற்றவரின் உரித்துக்கு எதிராக அல்லது அதைச் சாராமல் இருந்திருக்க வேண்டும். குத்தகைக்கு இருந்தவர், காவலுக்கு இருந்தவர், உறவுக்காக விட்டு வைக்கப்பட்டவர் எத்தனை காலம் இருந்தாலும், அந்த நிலை மாறியதை வெளிப்படையாகக் காட்டும் செயல் ஒன்று இல்லாமல் இந்த எண்ணிக்கை தொடங்குவதில்லை.

பங்காளிகளுக்குள் இது இன்னும் கடினம். 1911 இல் கொறேயா எதிர் அப்புஹாமி வழக்கில் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வகுத்த விதி இன்றும் நிற்கிறது: ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிகளுக்குமான ஆட்சி. மனதுக்குள் இனி எனக்கே என்று ரகசியமாக எண்ணிக்கொண்டால் அது மாறாது. மற்றவர்களை வெளியேற்றியதாகவோ அதற்கு ஒப்பானதாகவோ வெளிப்படையான செயல் வேண்டும். பிறகு 1918 இல் திலகரத்ன எதிர் பஸ்தியன் வழக்கில் ஒரு தளர்வு வந்தது. மிக நீண்ட காலத் தனி ஆட்சியும் அதற்குத் துணையான சூழ்நிலையும் இருந்தால், வெளியேற்றம் நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். மச்சான் தரப்பு பிடித்தது அந்த இரண்டாவதை. எங்கள் தரப்பு நின்றது முதலாவதில்.

எங்கள் வட்டவிதானையார் சாட்சி சொல்ல வந்தபோது, மாமா பல வருடம் முழு வயலையும் தனியாகச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று உறவினர் ஒருவர் அவரிடம் கேட்டுக்கொண்டார். சட்டத்தரணி காதில் அது விழுந்ததும் கடுமையாகக் கண்டித்தார். மாமா தனியாகச் செய்தது எங்களுக்குப் பாதகமே இல்லை, பங்காளியாகத்தான் செய்தார் என்பதே எங்கள் வழக்கு. சொன்னபடி அவர் கூண்டில் உள்ளதை உள்ளபடி சொன்னார், குறுக்கு விசாரணையில் அசையவில்லை. மறைக்கத் தேவையில்லாததை மறைக்கப் போய் நல்ல வழக்குகள் கெடுவதைப் பின்வரிசையில் இருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

தீர்மானமானது நெல் மூட்டைதான். மூட்டையோடு மாமா அனுப்பிய துண்டுக் கடிதங்களில் இரண்டை அம்மா பெட்டிக்குள் வைத்திருந்தார். “உன் பங்கு நெல் இத்தனை மூட்டை” என்று மாமாவின் கையெழுத்தில் இருந்தது. பங்கு என்று எழுதியவர் பங்காளியை வெளியேற்றியவர் ஆக மாட்டார். மாமாவின் கையெழுத்தைப் பெரியம்மா அடையாளம் காட்டினார். மச்சான் தரப்பு மாமா இறந்த பின் முடித்த ஆட்சி உறுதி ஒன்றைக் காட்டியது. உறுதி எழுதும் நொத்தாரிசின் முன் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே செய்யும் பிரகடனம் அது. அதனால் மட்டும் உரித்துப் பிறக்காது. ஆட்சி உறுதி முடித்தால் காணி சொந்தமாகிவிடும் என்று நம்பிப் பணம் செலவழிப்பவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

எதிர்த் தரப்புச் சாட்சிகள் மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அவர்கள்தான் நெடுங்காலமாக ஆண்டு அனுபவித்து வருகிறார்கள். எந்தப் போகத்தில் யார் உழுதார், வரம்பை யார் கட்டினார், கேட்டால் பதில் இல்லை. 1994 இல் வெளியான சிராஜுதீன் எதிர் அப்பாஸ் தீர்ப்பில் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பொதுவான கூற்றுகள் ஆட்சியுரிமைக்குச் சான்றாகாது, குறிப்பான நிகழ்வுகளைச் சாட்சி சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. சாட்சிகளின் எண்ணிக்கைக்கும் மதிப்பில்லை. 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆவது பிரிவு இத்தனை சாட்சி வேண்டும் என்று எங்கும் கேட்பதில்லை. விவரம் தெரிந்த ஒருவர் போதும்.

எவ்வளவு தூரம் நிரூபிக்க வேண்டும் என்பதும் அம்மாவை அலைக்கழித்த கேள்வி. கொலை வழக்கில் போல நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சாத அளவுக்கு நிரூபிக்கும் கட்டாயம் காணி வழக்கில் இல்லை. இரண்டு கதைகளில் நடந்திருக்கக் கூடியது எது என்று பார்க்கும்போது தராசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே போதும். அதோடு, உரித்தைக் கேட்டு வந்தவர் மச்சான். கேட்பவர்தான் நிறுவ வேண்டும். அம்மா எல்லாவற்றையும் தானே நிரூபிக்க வேண்டும் என்று தவித்தார். முதல் சுமை அவருடையதல்ல என்று விளங்கிய பிறகுதான் இரவில் தூங்கினார்.

இடையில் சீதன வாதம் ஒன்றும் வந்தது. வீட்டுவளவைச் சீதனமாக வாங்கிய பெண்ணுக்கு முதுச வயலில் பங்கில்லை என்றார்கள். எங்கள் மாவட்டத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம், அதை உரிமையை வெட்டும் காரணமாகத் திருப்பினார்கள். வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. இங்கே பொதுச் சட்டமே, அதாவது 1876 இன் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே முதுசத்தைத் தீர்க்கிறது; பிள்ளைகளுக்குச் சம பங்கு, ஆண் பெண் வேறுபாடில்லை. திருமணத்தின்போது பெற்றோரிடம் பெற்றதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பது தனியாக வாதிக்கக் கூடியது. பங்கே கிடையாது என்பது சட்டமல்ல. இந்தப் பேச்சை நம்பித் தம் பங்கை விட்டுவிட்ட அக்காமார் எத்தனை பேரோ.

மாமா அந்நியராக இருந்திருந்தால் எங்கள் பாதை வேறாக இருந்திருக்கும். 2016 இன் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், ஆயுதக் குழுவின் செயற்பாடுகளால் நீதிமன்றம் போய்க் காணியைக் கேட்க முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதிலும் ஒரு கேள்வி இருக்கிறது: இடம்பெயர்ந்தீர்களா என்பது மட்டுமல்ல, அந்தக் காரணத்தால் உரிமையைத் தேட முடியாமல் போனதா? வழக்கிடும் காலத்துக்கும் எல்லை வைக்கப்பட்டது. முகாம் பதிவு, கிராம உத்தியோகத்தர் கடிதம், நிவாரண அட்டை போன்ற பழைய கடதாசிகளை இனித் தேவையில்லை என்று எறிந்துவிடாதீர்கள்.

அரச காணியில் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. இந்தப் பத்து ஆண்டு ஆட்சியுரிமை அரசுக்கு எதிராக வளராது. வெளியேற்ற அறிவித்தல் வந்து 1979 இன் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் முன் நிற்கும்போது, செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி. நட்ட தென்னையின் வயதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். பத்திரம் தகப்பன் பெயரிலேயே இருந்தால் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தைச் சரிசெய்யும் வேலையை ஒத்திவைக்க வேண்டாம்.

மச்சானின் வழக்கு தள்ளுபடியானது. அம்மா, பெரியம்மா, மாமாவின் பிள்ளைகள் எல்லோரும் பங்காளிகளே என்று தீர்ப்பு வந்தது. இப்போது 1977 இன் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கிறது. மச்சானும் எதிர்க்கவில்லை, தகப்பனின் பங்கு அவருக்கும் வர வேண்டும் என்பதில் அம்மாவுக்கு இரண்டாவது கருத்தில்லை. பிரிவிடலில் தரப்புகள் இணங்கிவிட்டாலும் நீதிபதி உரித்தைத் தாமே ஆராய வேண்டும். ஆகவேதான் இந்த முறை தகப்பனாரின் உறுதி துணியிலிருந்து வெளியே வந்தது. முப்பது ஆண்டுகளைத் தாண்டிய உறுதி, இருக்க வேண்டியவர் கையில் இருந்து வந்தால், அதில் உள்ள கையொப்பங்கள் உரியவர்களுடையவையே என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். அம்மா 1990 இல் அதைத் தூக்கிக்கொண்டு வந்தது அதற்கு உதவியது.

நீதிமன்றம் நியமித்த நில அளவையாளர் போய் அளந்து படம் கொடுத்துவிட்டார். பெரியம்மாவின் மகன் சுவிஸில் இருக்கிறார். அவருக்கும் அறிவித்தல் அனுப்பி அற்றோணித் தத்துவம் (அவருக்காகச் செயற்பட எழுத்திலான அதிகாரம்) எடுத்து வைத்திருக்கிறோம். பிரிவிடலின் இறுதித் தீர்ப்பு வழக்கில் இல்லாதவர்களையும் கட்டுப்படுத்தும். வெளிநாட்டில் பங்காளிகள் உள்ளவர்கள், வயலில் அறிவித்தல் ஒட்டப்பட்டதாகக் கேள்விப்பட்டால் அந்த வாரமே வழக்கிலக்கத்தை எடுத்துச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.